முதியோர் இல்லமும் பார்வையிடுவோர் கண்ணும்

ஒரு வீட்டின் சீரை அறிய வேண்டுமானால் அதன் கூடத்தைப் பார்த்தால் போதாது, அடுக்களையை எட்டிப் பார்க்க வேண்டும் என்று நம் பெண்மக்கள் சொல்வதுண்டு. முதியோர் இல்லங்களுக்கும் இது முற்றும் பொருந்தும். வரவேற்பறையில் பூச்சாடி இருக்கும்; சுவரில் பதிவுச் சான்று கண்ணாடிச் சட்டத்துள் தொங்கும்; தரை முகம் பார்க்கலாம்படி மின்னும். இவற்றைக் கண்டு மகிழ்ந்து, நல்ல இடமென்று நற்சான்றும் கூறித் திரும்புவோர் நம்மில் பலர். உள்ளே கடைசிக் கட்டிலில் கிடப்பவருக்கு நேற்றிரவு நா வறண்டபோது தண்ணீர் கிடைத்ததா என்பதைப் பூச்சாடி சொல்லுமா?

சில ஆண்டுகளாக நாம் நண்பர் சிலருடன் கூடி, தோட்டப்புறத்தாரும் பட்டணத்தாருமாகிய நம் முதியோர் தங்கியிருக்கும் இல்லங்களுக்குச் சென்று வருகிறோம். நாம் அரசாங்க அதிகாரிகள் அல்லோம், மருத்துவரும் அல்லோம். எந்தக் கதவையும் திறக்கச் சொல்லும் அதிகாரம் நமக்கில்லை. இரண்டு கண்களும், மறுபடியும் வருவோம் என்னும் உறுதியுமே நம்மிடம் உள்ளவை. அவற்றைக் கொண்டு கண்டறிந்தவற்றை வாசகர்கள் முன் வைப்பது கடமையெனக் கருதுகிறோம். இன்று பிறர் பெற்றோரைப் பற்றிய பேச்சாக இருப்பது நாளை நம் பெற்றோரைப் பற்றியதாகும். அதற்கு மறுநாள் நம்மைப் பற்றியதாகும்.

'பெற்றவர்களை இல்லத்தில் விடுவதா? அது நம் பண்பாடா?' என்று சினந்து கேட்போர் உண்டு. அவர்கள் சினத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் தோட்ட வாழ்வில் வீடு என்பது வேலையோடு ஒட்டியிருந்தது என்பதை அவர்கள் நினைவுகூர வேண்டும். பால்மரம் வெட்டிய கை ஓய்ந்தால் லயத்து வீடும் கையை விட்டுப் போகும். மலாயாவில் ஊழியர் சேமநிதி ஏற்பட்டதே 1951-ஆம் ஆண்டில்தான். பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பல, வீட்டு மனைகளாயின. பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடியேறினர். மகனும் மருமகளும் விடியுமுன் வேலைக்குப் புறப்படும் வீட்டில், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தாய்க்குப் பகலெல்லாம் துணை யார்? பிள்ளையே இல்லாத முதியோரின் நிலை என்ன? மலேசியாவில் 2030-ஆம் ஆண்டளவில் மக்களில் ஏறத்தாழ 100-க்கு 15 பேர் 60 வயதைத் தாண்டியிருப்பர் என்றும், சிங்கப்பூரில் குடிமக்களுள் நால்வரில் ஒருவர் 65 வயதினராகவோ அதற்கும் மூத்தோராகவோ இருப்பர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இல்லங்கள் வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதம் முடிந்துவிட்டது. அவை எப்படி நடக்கின்றன என்பதே இன்றுள்ள கேள்வி.

சட்டம் இல்லாமலில்லை. மலேசியாவில் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நால்வரையோ அதற்கு மேற்பட்டோரையோ தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் சமூகநல இலாகாவில் பதிவு பெற்றாக வேண்டும். ஆதரவற்ற முதியோர்க்கென அவ்விலாகாவே செராஸ், தைப்பிங், சிரம்பான் முதலிய இடங்களில் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களை நடத்துகிறது. சிங்கப்பூரில் தாதிமை இல்லங்கள் 2020-ஆம் ஆண்டுச் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டியவை. ஆகவே ஓர் இல்லத்தினுள் நுழைந்ததும் சான்றிதழைக் கேட்பது முதற்கடமை. கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்தில் நம் பெரியவரை ஒப்படைத்தல் ஆகாது. ஆயினும் சான்றிதழ் என்பது வாசற்படி மட்டுமே. சிங்கப்பூரில் 2011-ஆம் ஆண்டு ஓர் இல்லத்தில் மூதாட்டியொருவர் கொடுமையாக நடத்தப்பட்டதை, அவர் குடும்பத்தார் மறைவாக வைத்த படக்கருவி பதிவு செய்தது. அதன் பின்னரே சுகாதார அமைச்சு, அவ்வில்லம் புதியவரைச் சேர்க்கலாகாதென்று தடுத்தது. உரிமம் காணாததை உறவினர் கண் கண்டது.

நிற்க. பார்வையிடுவோர் முதலில் கற்க வேண்டியது எந்நேரத்தில் செல்வது என்பதாகும். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறோமென்று தொலைபேசியில் சொல்லிவிட்டுச் சென்றால், நாம் காண்பது நமக்காக உடுத்து வைத்த இல்லத்தையே. அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டமொன்று, தாதிமை இல்லங்களைச் சோதிக்கும் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றியே வர வேண்டுமென்றும், அவர்கள் வரும் நாளை இல்லத்தார்க்கு முன்கூட்டித் தெரிவிப்பவர்க்கு 2,000 டாலர் வரை தண்டம் என்றும் விதித்தது. இதன் கருத்தை நாமும் கொள்ளலாம். அனுமதித்த நேரத்துக்குள்ளேயே ஒரு வாரம் செவ்வாய், ஒரு வாரம் வெள்ளி, ஒரு நாள் உணவு வேளை, ஒரு நாள் விளக்கு வைக்கும் வேளை என மாறி மாறிச் சென்றால், இல்லம் தன் இயல்பான முகத்தைத் தானே காட்டும்.

அடுத்து, யாரைக் கேட்பது? நிருவாகியைக் கேட்டால் எல்லாம் நன்றென்பார். அது அவர் தொழில். முதியவரைக் கேட்டாலும் அதே விடைதான் வரும். அதன் காரணம் வேறு. பட்டணத்தை அடுத்த ஓர் இல்லத்தில் நாம் கண்ட பெரியவர் ஒருவரை இங்குச் சொல்ல வேண்டும். நாற்பதாண்டு பால்மரம் வெட்டியவர். பாரிசவாயுவால் வலக்கையும் வலக்காலும் விளங்காமற் போயின. சுவரோரம் இடப்புறமாக ஒட்டிய கட்டில் அவருடையது. 'தாத்தா, இங்கே ஏதும் குறை உண்டா?' என்றோம். வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, 'குறை ஒண்ணும் இல்லீங்க, தம்பி. நல்லாப் பாத்துக்கிறாங்க' என்றார். பேசும்போது உதடு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. கட்டிலருகே ஒரு சிறு மேசையும், அதன்மேல் நிறையத் தண்ணீருள்ள குவளையும் இருந்தன. மேசை இருந்தது அவருடைய வலப்புறத்தில்.

தண்ணீர் வைக்கவில்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது. வேளை தவறாமல் வைத்திருந்தார்கள். ஏட்டில் எழுதியும் இருந்தார்கள். விளங்காத கையின் பக்கம் வைத்தார்கள், அவ்வளவே. நாம் குவளையை எடுத்துக் கொடுத்தோம். ஒரே மூச்சில் குடித்து முடித்தார். கட்டிலைச் சற்று நகர்த்தி மேசையை இடப்புறம் வைக்கும்படி அங்கிருந்த பணிமகளிடம் கேட்டோம். அவளும் உடனே செய்தாள். அப்போதுதான் பெரியவர் தணிந்த குரலில் சொன்னார்: 'நீங்க போயிடுவீங்க. நான் இங்கதானே இருக்கணும், தம்பி.' குறையில்லை என்று முதியவர் சொல்வதற்கு உரை இதுவே. கங்காணிக்கும் கிராணிக்கும் முன்னே குறை சொல்லாதிருந்து பழகிய நாவுக்கு எழுபது வயதில் துணிவு எங்கிருந்து வரும்? ஆதலால் நா சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வருபவர் பார்வையிட்டவர் ஆகார். குவளையையும் உதட்டையும் அவர் கேட்டறிய வேண்டும்.

முதுமையில் தாக உணர்வு குறையும் என்பது மருத்துவர் கூற்று. தாகம் தெரியாதவர் கேட்க மாட்டார். கேட்காதவருக்குக் கொடுக்க நினைவிருக்க வேண்டும். தண்ணீர் குறைத்துக் கொடுத்தால் டயாப்பர் மாற்றும் வேலையும் குறையும் என்னும் கெட்ட சிக்கனம் எட்டிப் பார்க்கும் இடமும் இதுவே. காய்ந்த நாக்கு, கருத்துக் குறைந்த சிறுநீர், பகலிலேயே தடுமாறும் பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள்.

உடம்பின் சாட்சியம் இத்தோடு முடிவதில்லை. படுக்கையில் அசையாது கிடப்போர்க்குப் பிட்டத்திலும் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் அழுத்தப் புண் வரும். இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்கவைத்தல் நெடுநாளைய வழக்கம். புண்ணாகுமுன் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் அச்சிவப்பு மறையாது என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால் நம்மவர் தோல் கறுப்பு. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அவ்விடம் சுற்றிலும் உள்ள தோலைவிடக் கருத்தோ, தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கும். இதை அறியாத பணியாளர், சிவக்கவில்லையே என்று விட்டுவிடுவர். பத்து நாளில் குழி விழும். ஆகவே பிள்ளைகள் தம் தாய் தந்தையரின் குதிகாலையாவது கையால் தொட்டுப் பார்த்து வருக. நம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பதால், கால் பார்த்தல் இரட்டிப்பு அவசியம்.

எடை ஏட்டையும் கேட்க வேண்டும். மாதம் ஒருமுறையேனும் எடை பார்த்து எழுதாத இல்லத்தில், மெலிந்து போவது யார் கண்ணிலும் படாது. ஒரே மாதத்தில் நூற்றில் ஐந்து பங்கு குறைந்தால் மருத்துவர் கவனிக்க வேண்டும் என்பது விதி. 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது இரண்டரைக் கிலோ. சேலையில் அது தெரியாது, தராசில் தெரியும். மாலை ஐந்து மணிக்குக் கஞ்சி கொடுத்து, மறுநாள் எட்டு மணிக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்தால், இடையே பதினைந்து மணி நேரம் வயிறு காய்கிறது. நீரிழிவு மருந்தை மட்டும் தவறாது கொடுத்து, இரவு முழுதும் பட்டினி போட்டால், இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து உயிருக்கே கேடு வரலாம். 'இரவில் பிஸ்கட்டும் பாலும் உண்டா?' என்று கேட்பது சிறுபிள்ளைக் கேள்வியன்று.

இன்னுமொன்று. மிக அமைதியான இல்லத்தைக் கண்டு நாம் மகிழக்கூடாது. இருபது முதியோர் இருக்குமிடத்தில் முனகலும் அழைப்பும் சிரிப்பும் சச்சரவும் இருப்பதே இயல்பு. எல்லோரும் பகல் பத்து மணிக்குத் தலை சாய்ந்து உறங்கினால், யாருக்கு என்ன மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது என்று கேட்க வேண்டும். மறதி நோயுள்ள முதியோர்க்கு மனநோய் மருந்துகளில் ஒருவகையைக் கொடுப்பதால் மரண அபாயம் மிகுகிறதென்று அமெரிக்க மருந்து நிருவாகம் 2005-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. நாற்காலியோடு இடுப்பில் துணி கட்டியிருந்தால், விழாமலிருக்கத்தான் என்பார்கள். ஒருவேளை இருக்கலாம். எத்தனை மணி நேரமாக, யார் ஆணையால், எப்போது அவிழ்ப்பீர்கள் என்பவற்றுக்கு விடை உடனே வர வேண்டும்.

மொழியைப் பற்றிச் சொல்லாவிடில் இக்கட்டுரை நிறைவுறாது. நம் இல்லங்களில் பணி செய்வோர் பலர் கடல் கடந்து வந்தவர்கள். நம் முதியோரும் திடமாக இருந்த நாளில் மலாய் பேசிச் சமாளித்தவர்களே. ஆனால் மறதி நோய் கண்டபின், இடையில் கற்ற மொழி முன்னே நழுவி, தாய் சொல்லித் தந்த மொழியே எஞ்சி நிற்பதைப் பலரிடம் காணலாம். ஓரில்லத்தில் ஒரு பாட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 'இவர் எப்போதும் இப்படித்தான் பிதற்றுவார்' என்றாள் பணிமகள். அருகில் சென்று கேட்டோம். 'குளுருது, குளுருது' என்பதே அச்சொல். தலைக்கு நேரே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. விசிறியை நிறுத்தினோம், சொல் நின்றது. அன்று முதல், செல்லுமிடமெல்லாம் 'தண்ணீர், வலி, குளிர், பசி, வெளிக்கு' என்னும் ஐந்து சொற்களை அப்பணியாளர் படிக்கக்கூடிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டி வருகிறோம். இதற்குச் செலவு ஒரு தாளும் சிறிது பசையுமே.

இவ்வளவும் படித்தவர்கள் பணிமகளிர்மேல் சினங்கொண்டால் அது தவறு. இரவில் பதினைந்து பேர்க்கு ஒருத்தி என்று நிறுத்தினால், அவள் இருவரைத் திருப்பிப் படுக்கவைப்பதற்குள் மூவர் அழைப்பர். அவளுக்கும் கடலுக்கு அப்பால் ஒரு தாய் இருக்கிறாள். அத்தாயின் குதிகாலைத் தொட்டுப் பார்ப்பவர் யாரோ! ஆகையால் 'இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்?' என்பதை நிருவாகியிடம் கேட்டு எழுதிக்கொள்க. குறையை அவளிடம் அதட்டிச் சொல்வதால் பயனில்லை. ஆள் குறைத்தவரிடம் எழுத்தில் சொல்க. சொல்லியும் திருந்தாவிடில் இலாகாவுக்கு எழுதுக. நன்றாகச் செய்தவளை அவள் முன்னிலையிலேயே பாராட்டுக.

நல்ல இல்லங்களும் உண்டு. அவற்றையும் அறிந்து சொல்வது நேர்மை. பீட்டர் டவுன்சென்ட் என்னும் ஆராய்ச்சியாளர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களைப் பார்வையிட்டு, 1962-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தனிமையும், செய்வதற்கொரு வேலையின்மையும், தனக்கென ஒரு மூலையின்மையும் முதியோரை வாட்டுவதை அவர் எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் நாம் கண்ட ஒரு சிறிய இல்லத்தில் தரை மின்னவில்லை. சுவரில் சாயம் உரிந்திருந்தது. ஆனால் திண்ணையில் மூன்று பாட்டிமார் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தனர். கீரையில் பாதி தரையில் கிடந்தது. ஒருவர் நம்மை நிமிர்ந்து பார்த்து, 'சாப்பிட்டுப் போங்கய்யா, இன்னிக்கு நம்ம கைக் கீரை' என்றார். 'நம்ம' என்னும் அச்சொல்லை எந்த ஏட்டில் பதிவது?

இனி நம் சமூகத்தாரிடம் ஒரு சொல். தீபாவளி வாரத்தில் ஓர் இல்லத்துக்கு ஏழெட்டுக் கூட்டத்தார் வருகின்றனர். இனிப்பு வழங்குகின்றனர், நீரிழிவுக்காரர் கையிலும் லட்டு ஏறுகிறது, படம் பிடித்துக்கொண்டு போகின்றனர். அடுத்த பதினொரு மாதம் அவ்வாசலில் செருப்பில்லை. ஒரே நாளில் எழுவர் வருவதைவிட, எழுவாரத்தில் வாரம் ஒருவர் வருவது மேலான அறமென்பதற்குச் சாத்திரம் வேண்டுவதில்லை; சிறிது கணக்கறிவு போதும்.

இதனினும் கொடியது வெட்கம். தாயை இல்லத்தில் விட்டதை உறவினர் அறிந்தால் என்ன சொல்வாரோ என்று அஞ்சி, இரவோடிரவாகக் கொண்டுபோய் விட்டு, பிறகு அப்பக்கமே தலைகாட்டாதோர் இருக்கின்றனர். அவ்வெட்கத்தால் இலாபம் அடைவது கெட்ட இல்லமே. ஏனெனில் கேட்பாரில்லாத கட்டில்களே அதற்கு வசதி. சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டில் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பொருளுதவி செய்யாத பிள்ளையிடமிருந்து அதைப் பெற முதியோர்க்கு வழி செய்தது. பணத்தைச் சட்டம் வாங்கித் தரும். வாசலில் வந்து நிற்கும் மகனை எந்தச் சட்டமும் வாங்கித் தராது. அம்முதியோரும், 'எல்லாம் என் தலைவிதி' என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கின்றனர். முதுமை இயற்கை, மரணமும் இயற்கை. குதிகாற் புண்ணும் வறண்ட நாவும் விதியல்ல. ஒருவர் செய்யத் தவறியது அது. இன்னொருவர் பார்க்கத் தவறியதும் அதுவே.

ஆதலின் அன்பர்காள், பெற்றோரை இல்லத்தில் விட நேர்ந்தவர்கள் தலை குனிய வேண்டா. அடிக்கடி சென்று பார்க்கத் தவறியவரே குனிக. அடுத்த வாரம் ஒரு நாள், சொல்லாமல் செல்லுங்கள். குவளை எக்கைப் பக்கம் இருக்கிறதென்று பாருங்கள். காலைத் தொடுங்கள். கண்டதை ஒரு சிறு ஏட்டில் தேதியிட்டு எழுதுங்கள். திரும்புமுன் அடுத்த கட்டிலில் கிடப்பவரிடமும் அமர்ந்து இரண்டு வார்த்தை பேசி, அவர் பெயரைக் கேட்டறிந்து, மறுமுறை செல்லும்போது அப்பெயர் சொல்லி அழையுங்கள். அவரைத் தேடி வருவோர் வேறெவரும் இல்லாதிருக்கலாம்.